மாமனாருக்கு நினைவு மலர்: அவர் கொடுத்ததை எப்படி எழுதுவது?

கேள்வி:

அக்கா, நான் லண்டனில் ஹேய்ஸில் இருக்கிறேன். கணவர் பஞ்சாபி, சீக்கியக் குடும்பம். மாமனார் ஐந்து மாதத்துக்கு முன் காலமானார், வயது 82. நாங்கள் எல்லோரும் டாடி ஜி என்றுதான் கூப்பிடுவோம். லயல்பூர் பக்கம் பிறந்தவர், பிரிவினையின்போது ஐந்து வயதில் ஜலந்தருக்கு வந்தவர், 1962 ஜூனில் இங்கே பக்கத்தில் இருக்கிற சவுத்தாலுக்கு வந்தார். முதலில் ரப்பர் தொழிற்சாலை, பிறகு ஹீத்ரோவில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. கையில் இருந்ததையெல்லாம் அடுத்தவருக்குக் கொடுத்தவர். முதல் வருஷ பர்சிக்கு (நினைவு நாளுக்கு) எங்கள் ஊர் நினைவு மலர் போல ஒன்று போடலாம் என்று நான்தான் வாய் விட்டேன், பொறுப்பு என் தலையிலேயே விழுந்துவிட்டது. சொந்தக்காரர்கள் புகழ்ந்து எழுதச் சொல்கிறார்கள். கணவரின் அக்காவோ, "கூரை ஒழுகிய கதையையும் எழுது" என்கிறார். கூரை போடச் சேர்த்த பணத்தை டாடி ஜி யாருக்கோ கொடுத்துவிட்டாராம். அலமாரியில் குர்முகியில், அதாவது பஞ்சாபி எழுத்தில், எழுதிய ஒரு கணக்கு நோட்டும் கிடைத்தது, பெயரும் தொகையுமாக. பேரப்பிள்ளைகள் நாலு பேருக்கும் பஞ்சாபி வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியிலிருந்து வந்த நான் இதை எழுதலாமா? கல்யாணப் பேச்சு வந்தபோது டாடி ஜி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உன் அப்பா எந்த வருஷம் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தார் என்று. 84 என்றேன். "எங்களுக்கும் அதே வருஷம்தான், புத்தர் (பஞ்சாபியில் பிள்ளை என்று அர்த்தம்)" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

— வாசகி, ஹேய்ஸ்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

எழுதலாம். நீங்கள்தான் எழுத வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் வேலை விஷயம்.

வள்ளல், தாராள மனம் கொண்டவர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்பதையெல்லாம் இந்த மலரில் ஒரு இடத்திலும் போடாதீர்கள். மலர் தொகுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நான் சொல்கிறேன், அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியைக்கு) அச்சாகிற மலர்களில் பாதிக்கு மேல் இந்த வார்த்தைகள்தான் இருக்கின்றன. ஊருக்குக் காட்டுவதற்காகக் கொடுத்தவருக்கும் அதே வார்த்தை, தன் சாப்பாட்டைப் பிட்டுக் கொடுத்தவருக்கும் அதே வார்த்தை என்றால், படிக்கிற பேரப்பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது? உங்கள் மாமா எந்த வருஷம், எந்த மாதிரி ஆளுக்கு, தன் வீட்டில் என்ன நிலைமை இருந்தபோது கொடுத்தார் என்று எழுதுங்கள். வீட்டு நிலைமை கட்டாயம் வர வேண்டும். அதனால் உங்கள் மச்சாள் சொல்கிற கூரைக் கதை மலருக்குள் வந்தே ஆக வேண்டும், அதற்கு வருகிறேன்.

மாமா வந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். 1962 ஜூன் என்று நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், அந்த ஜூனில் ஒரு பெரிய கதை இருக்கிறது. காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் 1962 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தியாவிலிருந்து வருகிறவர் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்தால் வந்து இறங்கலாம், அதற்குப் பிறகு வேலைக்கான வவுச்சர் இல்லாமல் முடியாது. கதவு சாத்துவதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும் என்று பஞ்சாபிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய மாதங்கள் அவை. இருபது வயதுப் பையன் அந்தக் கடைசி வாரங்களில் வந்து இறங்கியிருக்கிறான் என்றால் டிக்கெட்டுக்கு யாரோ அவசரமாகப் பணம் புரட்டியிருப்பார்கள். யார் புரட்டியது, நிலம் அடகு போனதா, தாயின் நகை போனதா, இதை மாமியிடம் கேளுங்கள். மாமா வாழ்நாள் முழுக்கக் கொடுத்ததற்கு வேர் அங்கேயே இருக்கலாம்.

நிலம் என்றதும் இன்னொன்று. ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்துக் குடும்பங்கள் பல வெள்ளைக்காரன் காலத்திலேயே கால்வாய்ப் பாசன நிலம் தேடி லயல்பூருக்குப் போய்க் குடியேறியவை. லயல்பூர்தான் இன்றைய பாகிஸ்தானின் ஃபைசலாபாத். 1947இல் அவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இந்திய அரசு பதிலுக்கு நிலம் கொடுத்தது, ஆனால் விட்டுவிட்டு வந்த அளவுக்குக் கொடுக்கவில்லை, ஏக்கர் கணக்கு கூடக் கூட அதிகமாக வெட்டித்தான் கொடுத்தது. மிஞ்சியதை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் ஒருவரின் பங்கு எத்தனை வாய்க்குச் சோறு போடும்? டாடி ஜி சவுத்தாலுக்கு வந்ததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு இதை ஒரு பக்கத்துக்குள் சொல்லிவிடலாம், ஒரு சின்ன வரைபடம் போட்டால் இன்னும் நல்லது.

பிறகு அந்த முதல் வீடு. அறுபதுகளின் தொடக்கத்தில் சவுத்தாலில் ஒரு வீட்டுக்குள் பத்துப் பதினைந்து ஆண்கள் இருந்தார்கள். இரவு ஷிஃப்ட் போனவர் காலையில் வந்து படுப்பார், பகல் ஷிஃப்ட்காரர் அப்போதுதான் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போயிருப்பார், போர்வையில் சூடுகூட ஆறியிருக்காது. புதிதாக வந்தவரிடம் வேலை கிடைக்கும்வரை வாடகையும் சாப்பாட்டுக் காசும் கேட்க மாட்டார்கள். வங்கி கடன் தராத காலம், பலபேர் காசு போட்டு முதலில் ஒருவருக்கு வீடு வாங்குவார்கள், அந்த வீட்டில் எல்லோருமாக இருந்துகொண்டே அடுத்தவருக்குச் சேர்ப்பார்கள். எங்கள் ஆட்கள் பிடிக்கிற சீட்டு நினைவுக்கு வரும், ஆனால் இதில் கழிவு கிடையாது, ஏலமும் கிடையாது. உங்கள் மாமா அந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்தவர். மற்றவர்கள் எண்பதுகளில் வசதி வந்ததும் அதிலிருந்து விலகிவிட்டார்கள், இவர் விலகவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது. சரியா என்று மாமாவின் பழைய கூட்டாளிகளிடம் கேட்டுப் பாருங்கள். சவுத்தால் பார்க்கில் சீட்டாடிக்கொண்டிருக்கிற பெரியவர்களில் மாமாவோடு அந்த ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவராவது இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வுல்ஃப் ரப்பர் கம்பெனியாக இருந்தால் 1965 கடைசியில் நடந்த வேலைநிறுத்தத்தைக் கேளுங்கள், பஞ்சாபித் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் வெளியே நின்றார்கள், அப்போது யார் யாருக்கு மாவு வாங்கிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கிழவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். போனில் பதிவு செய்யுங்கள். கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மொழிக்காக மட்டுமல்ல, அப்பாவைப் பற்றி இன்னொரு ஆண் பேசுவதை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த மாதமே போங்கள், அவர்களுக்கும் எண்பது தாண்டிவிட்டது.

அடுத்தது படங்கள். அலமாரியைத் துழாவும்போது அறுபதுகளில் எடுத்த படம் ஒன்றில் மாமா தலைப்பாகையில்லாமல், முடி வெட்டி, மழித்த முகத்தோடு இருக்கலாம். இருந்தால் பதறாதீர்கள். தலைப்பாகையோடு போனால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய காலத்தில் பலர் கப்பலிலோ, வந்து இறங்கிய முதல் வாரத்திலோ முடியை வெட்டிக்கொண்டார்கள். ஒரு சீக்கியருக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்பதை உங்கள் கணவர் சொல்வார். வோல்வர்ஹாம்டன் பஸ் ஓட்டுநர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வேலை பார்க்க 1967 முதல் 1969 வரை போராட வேண்டியிருந்தது, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் தலைப்பாகை போதும் என்று சட்டம் வந்தது 1976இல், பள்ளிக்கூடத்துக்குத் தலைப்பாகையோடு போன பையனைத் திருப்பி அனுப்பியது தவறு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1983இல். உங்கள் மாமா எந்த வருஷம் மறுபடி முடி வளர்த்தார், யாரும் சொல்லியா, தானாகவா? பலர் 1984க்குப் பிறகு திரும்பினார்கள், ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் போனது, நவம்பரில் டெல்லியில் தெருத் தெருவாகச் சீக்கியர்களைக் கொன்றார்கள். மாமா அதைப் பற்றி வீட்டில் பேசியிருந்தால் பேசிய அளவுக்கு மட்டும் எழுதுங்கள், பேசாதவராக இருந்தால் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். மழித்த முகப் படத்தை மலரில் போடக்கூடாது என்று யாராவது சொல்வார்கள். மாமி வேண்டாம் என்றால் போட வேண்டாம். மற்றவர்கள் சொன்னால், என் கருத்து, போடுங்கள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பிற்காலப் படத்தையும் வைத்தால் பேரன்மார் தங்கள் தாத்தா என்ன விலை கொடுத்து இந்த ஊரில் நின்றார் என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.

இப்போது கூரை. உங்கள் மச்சாளிடம் நேரில் கேட்டு நீங்கள் விவரம் வாங்க வேண்டியிருக்கும், எனக்கு நீங்கள் எழுதியது அந்த ஒரு வரிதான். யாருக்குக் கொடுத்தார், எதற்காக, அந்தக் குளிர்காலத்தில் எந்த அறையில் வாளி வைத்தார்கள், அவருக்கு அப்போது என்ன வயது, பள்ளிப் பரீட்சை நடந்ததா. அவரையே எழுதச் சொல்லுங்கள், ஒரு பக்கம், ஆங்கிலத்தில், அவர் பெயரோடு. நீங்கள் அதைத் திருத்தாதீர்கள், மென்மையாக்காதீர்கள், முடிவில் "ஆனாலும் அப்பா நல்லவர்தான்" என்று ஒரு வரி ஒட்டவும் சொல்லாதீர்கள். அந்த வரியை அவர் தானாக எழுதினால் அது வேறு. கோபமாக இருக்கிற பிள்ளையை மலருக்கு வெளியே நிறுத்தினால் பர்சி அன்று குருத்வாராவில் அவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் புரட்டிப் பார்ப்பார், தன் வீட்டுக் கதை அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கூரைக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தார் என்பதைவிடப் பெரிய புகழ்ச்சி என்ன இருக்கிறது, அதே வரியில் அந்தப் பெண்ணின் கஷ்டமும் இருக்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது.

கணவரிடமும் ஒன்று கேளுங்கள், அவரும் அக்காவும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள் என்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சவுத்தால் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் கூட்டமாகச் சேர விடாமல் பஸ்ஸில் ஏற்றித் தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், ஒரு பள்ளியில் குடியேறிகளின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று அப்போது ஒரு கொள்கை இருந்தது. அந்த பஸ் இவர்களையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் காலையில் நிறுத்தத்தில் யார் கூட நின்றார்கள் என்பதும் மலருக்கான விஷயம்தான்.

மாமியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசியுங்கள், மாமா கூட்டி வந்த ஒவ்வொருவருக்கும் ரொட்டி தட்டியது யார்? அந்தத் தலைமுறைப் பஞ்சாபிப் பெண்கள் ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு அடுக்கினார்கள், கழிப்பறை கழுவினார்கள், வீட்டில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு துண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று நள்ளிரவு வரை தைத்தார்கள். மாமி என்ன வேலை பார்த்தார், அவர் ஓவர்டைம் பணம் மாமா கொடுத்த கடன்களுக்குள் எவ்வளவு போனது, அவரைக் கேட்டுக்கொண்டு கொடுத்தாரா கேட்காமலா? படத்துக்குக் கீழே "அன்பு மனைவியுடன்" என்று ஒரு வரி போடுவது போதாது. நாலு பக்கம் மாமாவுக்கு என்றால் இரண்டு பக்கமாவது மாமிக்கு, அதுவும் அவர் உயிரோடு இருந்து படிக்கக் கேட்கும்போதே.

நோட்டுக்கு வருவோம். அதை மாமியோ குடும்பத்துக்கு வேண்டிய பெரியவர் ஒருவரோ மட்டும் வாசிக்கட்டும், ஆள் நம்பகமானவராக இருக்க வேண்டும், குருத்வாராவில் கையில் கிடைத்தவரிடம் நீட்டாதீர்கள். உள்ளே இருக்கிற பெயர்கள் பல உங்களுக்குத் தெரிந்த வீடுகளாக இருக்கும். யாருடைய கடை எந்தப் பணத்தில் தொடங்கியது, யாருடைய மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்பது அதில் இருக்கும். ஒரு பெயரும் ஒரு தொகையும் மலரில் வரக்கூடாது, பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவதும் கூடாது. சீக்கியர்களிடம் குப்த தானம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது, பெயர் சொல்லாமல் கொடுப்பது. உங்கள் மாமா யாரிடமும் சொல்லாமல் நோட்டில் மட்டும் எழுதி அலமாரியில் வைத்தவர் என்றால் அவர் விருப்பம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்த வருஷம் கணக்கு நிறைந்திருக்கிறது, எந்த வருஷம் ஒன்றுமே இல்லை, எத்தனை வரிக்குக் குறுக்கே கோடு அடித்திருக்கிறார். கோடு அடித்தது திரும்ப வந்ததா, விட்டுக்கொடுத்ததா என்பதை மாமி சொல்வார். கூரை ஒழுகிய வருஷத்துப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கியவர்களில் யாராவது தாங்களாக முன்வந்து சொல்ல நினைத்தால் சொல்லட்டும், அது அவர்கள் உரிமை. போக் அன்று, அதாவது இறுதிப் பிரார்த்தனை அன்று, வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்களைப் போனில் கூப்பிட்டு, "டாடி ஜியைப் பற்றி ஏதாவது எழுதித் தருகிறீர்களா" என்று மட்டும் கேளுங்கள், பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகள். இவர்களிடம் "தாத்தாவைப் பற்றி உனக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டால் "ஹி வாஸ் கைண்ட்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போவார்கள். கை என்ன செய்தது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த பஞ்சாபி வீடுகளில் தலைப்பாகைத் துணியை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஐந்து ஆறு மீட்டர் நீளம், ஒரு நுனியைப் பேரன் பிடித்துக்கொண்டு வாசற்கதவு வரை பின்னால் போவான், தாத்தா மறு நுனியை இழுத்து உதறி நீளவாக்கில் மடிப்பார், பையன் கை தளர்த்தினால் மடிப்பு கோணலாகும், மறுபடி முதலிலிருந்து. பூனி என்பார்கள் அதை. உங்கள் வீட்டில் யார் அந்த நுனியைப் பிடித்தது? பிடித்தவன் பத்து வரி எழுதித் தரட்டும். காய்கறித் தோட்டம் வைத்திருந்தாரா, பள்ளி விட்டுக் கூட்டி வந்தாரா, ஃப்ரீடம் பாஸை (முதியவர்களுக்கான இலவசப் பயண அட்டையை) வைத்துக்கொண்டு பஸ்ஸில் எங்கே போய் வந்தார், இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்துங்கள்.

இப்போது அச்சு விஷயம், இதில் நம்முடைய பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். நாங்கள் முதல் பக்கத்தில் பிள்ளையார் படம், அப்புறம் தேவாரம், வெண்பா, கடைசியில் பெறாமக்கள் வரை பட்டியல் என்று போடுகிறோம். அவர்களுக்கு குர்பானி (சீக்கிய வேத) வரி அச்சடித்த தாளைத் தரையில் போடவோ குப்பையில் எறியவோ கூடாது, பழைய குட்கா என்கிற சின்னப் பிரார்த்தனைப் புத்தகங்களைக்கூட மரியாதையோடு எரியூட்டக் கொடுத்துவிடுகிற சமூகம் அது. நூறு பேருக்குக் கொடுக்கிற மலரில் குர்பானியை அலங்காரமாகப் போட்டால் வாங்கிப் போனவர்களுக்குத்தான் சங்கடம், சாப்பாட்டு ஹாலில் இரண்டு பிரதி தரையில் கிடந்தால் பெரியவர்கள் மனம் நோகும். போடத்தான் வேண்டும் என்று மாமி சொன்னால் குருத்வாராவில் வேதம் வாசிக்கிற கிரந்தியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இறந்தவருக்காகச் சடங்குகளும் நினைவுச் சின்னமும் வைப்பதை அவர்களுடைய ஒழுக்க நெறி ஊக்குவிப்பதில்லை, ஆகவே யாராவது ஒரு பெரியவர் இது எதற்கு என்று கேட்கலாம். இது சடங்கு அல்ல, பிள்ளைகள் படிப்பதற்கான புத்தகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்காகத்தானே. மாமிக்காகவும் பார்க்கில் இருக்கிற பெரியவர்களுக்காகவும் குர்முகியில் நாலு பக்கம். பளபளத் தாள், தடித்த அட்டை வேண்டாம். முப்பத்திரண்டு பக்கம், படங்களுக்குத் தெளிவான அச்சு, அது போதும், மிச்சப்படுகிற காசை அன்றைய லங்கருக்கு (எல்லோருக்கும் போடுகிற இலவசச் சாப்பாட்டுக்கு) கொடுத்துவிடுங்கள், முன்பு ஹேவ்லாக் ரோடு என்றிருந்த குரு நானக் ரோடு குருத்வாராவாக இருந்தால் அன்று உங்கள் வீட்டு ஆட்களைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள்.

கடைசியாக, வெளியிலிருந்து வந்த நான் எழுதலாமா என்று கேட்டீர்கள். வீட்டுக்குள் பிறந்தவர்களுக்கு மாமாவோடு தீராத கணக்கு இருக்கிறது, அதனால் அவர்கள் எழுதினால் ஒரு பக்கம் சாயும். உங்களுக்கு அது இல்லை. உங்களை அவர் சேர்த்துக்கொண்டபோது ஜாதகம் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, உங்கள் அப்பா ஊரை விட்டு எந்த வருஷம் வந்தார் என்று கேட்டார். நீங்கள் எனக்கு எழுதிய அந்த நாலு வரியை இன்னும் கொஞ்சம் விரித்து உங்கள் பெயரோடு ஒரு பக்கமாகப் போடுங்கள். அன்று எந்த அறையில் உட்கார்ந்திருந்தீர்கள், தட்டில் என்ன இருந்தது, மாமி என்ன சொன்னார். விளக்கம் வேண்டாம். உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் அவரையும் கூட்டிப் போய் மாமியோடு உட்காரவைத்து அந்த வருஷத்தைப் பற்றிப் பேசச் சொல்லலாம், அது மலருக்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பர்சிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மாமியையும் பார்க்கில் இருப்பவர்களையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள், மச்சாளுக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் கொடுங்கள், அவரை அவசரப்படுத்த வேண்டாம். அச்சுக்கு ஆறு வாரம் முன்பாவது முழுவதையும் எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துத் தருகிறேன்.